முழங்காலைச் சுட்டிய விரல்

இயன்முறை மருத்துவராக நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் செய்த ஒரு பிழையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அறுபது வயதை நெருங்கிய, இட்லிக் கடை நடத்திவந்த ஓர் அம்மா, வலது முழங்கால் வலி என்று எங்கள் பிரிவுக்கு வந்தார். கையில் முழங்கால் எக்ஸ்ரே வைத்திருந்தார். அந்த வயதில் பலருக்கும் தென்படுகிற சிறு தேய்மானம் அதில் தெரிந்தது. நம் ஊரில் மூட்டுத் தேய்மானம் என்றாலே முழங்கால் என்று நினைத்துப் பழகிவிட்டதால், ஐந்து வாரங்கள் ஒத்தடமும் தொடையின் முன்தசைக்கான பயிற்சிகளும் கொடுத்தேன். வலி இம்மியும் குறையவில்லை. "நீங்க நல்லாத்தான் பாக்குறீங்க தம்பி, என் காலுதான் கேக்க மாட்டேங்குது" என்று அவர் எனக்கே ஆறுதல் சொன்னது இன்றும் உறுத்துகிறது.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது அவருடைய செருப்புச் சத்தம். ஒரு நாள் மேசையில் குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது, தாழ்வாரத்தில் அவர் வருவது கேட்டது. ஒரு கால் நின்று நிதானமாக ஊன்ற, மறு கால் தரையைத் தொட்டதும் அவசரமாக விடுபட்டது. தாங்கித் தாங்கி நடப்பது என்று நாம் சொல்வது இதைத்தான்: வலிக்கிற கால்மீது உடல் நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்வது. நிமிர்ந்து பார்த்தேன். வலது காலை ஊன்றும்போதெல்லாம் தோள் வலப்பக்கமாகச் சரிந்து மீண்டது. முழங்கால் வலி உள்ளவர்களிலும் சிலர் சாய்வதுண்டு. ஆனால் இந்த அளவுச் சாய்வு வேறொன்றைச் சொன்னது. படுக்கவைத்து, காலை மடக்கி, தொடையை உட்புறமாகத் திருப்பினேன். சிறிதளவுகூடத் திரும்பவில்லை, அதற்குள் முகம் சுளித்து, "அந்த வலிதான் தம்பி" என்றார். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில், தொடை எலும்பின் பந்துக்கும் இடுப்பெலும்பின் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மேற்பகுதியில் ஏறக்குறைய மறைந்திருந்தது. வலிக்குக் காரணம் முழங்கால் அல்ல, தேய்ந்துபோன இடுப்பு மூட்டு.

அவர் பொய் சொல்லவில்லை. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் உணர்வு தரும் கிளைகள் பலவும் ஒரே நரம்புகளிலிருந்து பிரிபவை என்பதால், மேலே எழுகிற வலி கீழே இருப்பதாகத் தோன்றும். சிலருக்கு முழங்காலைத் தவிர வேறெங்கும் வலிக்காது. இதில் நம் பேச்சுவழக்கும் தன் பங்குக்குக் குழப்புகிறது. இடுப்பு வலி என்றால் நமக்குக் கீழ்முதுகு. குடம் வைப்பதும் வேட்டி கட்டுவதும் இடுப்பில்தான். மூட்டோ அதற்கும் கீழே, ஆழத்தில் இருக்கிறது. அதன் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். அதை ஓர் இளைஞனிடம் சொல்லக் கூச்சப்பட்டு, பல பெண்கள் தொடை என்றோ முழங்கால் என்றோ சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். ஆகவே இப்போது எங்கே வலிக்கிறது என்பதோடு நான் நிற்பதில்லை. சம்மணம் போட முடிகிறதா, கால் நகத்தை யார் வெட்டிவிடுகிறார்கள், உட்கார்ந்து எழுந்ததும் முதல் நான்கடி எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்கிறேன். அந்த அம்மா தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதை விட்டு முக்காலிக்கு மாறி ஓராண்டாகியிருந்தது. வயதாகிவிட்டது என்று அவரே காரணம் கற்பித்துக்கொண்டிருந்தார்.

சாய்ந்து நடப்பதை நோயாளியின் கெட்ட பழக்கமாகவே நான் முதலில் கருதினேன். உண்மையில் அது உடல் போடும் சரியான கணக்கு. ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில், மறுபக்க இடுப்பு தாழ்ந்துவிடாமல் பிட்டத்தின் பக்கத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. உடல் எடை மூட்டிலிருந்து தள்ளி நின்று அழுத்த, தசையோ மூட்டுக்கு அருகிலிருந்து இழுப்பதால், அது எடையை விடப் பெரிய விசையைச் செலுத்த வேண்டியிருக்கிறது. எடையும் இழுவிசையும் சேர்ந்து, உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்குச் சுமை அந்தப் பந்தின்மீது இறங்குகிறது. உடலை வலிக்கிற பக்கம் சாய்த்தால் எடை மூட்டுக்கு நேர்மேலே வந்துவிடும். தசைக்கும் மூட்டுக்கும் வேலை குறையும். தசை தளர்ந்தால் மறுபக்க இடுப்பு தாழ்வதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் டிரெண்டலென்பர்க் 1895-இல் விளக்கினார். ஒற்றைக் காலில் நிற்கவைத்து அதைக் கண்டறியும் சோதனை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

இந்தக் கணக்கை அந்த அம்மா என்னைவிட முன்னதாகவே அறிந்திருந்தார். இடது இடுப்பில் குடம் சுமந்தவர், சில மாதங்களாக வலப்பக்கம் மாற்றியிருந்தார். வலிக்கிற பக்கமே சுமக்கலாமா என்று பதறினேன். யோசித்தபோதுதான் அவர் செய்ததில் பொருள் இருப்பது விளங்கியது. இடப்பக்கச் சுமையையும் வலப்பக்கத் தசைதான் தாங்கியாக வேண்டும். வலப்பக்கச் சுமை தசைக்குத் துணையாகிறது. (கனத்த குடமென்றால் எந்தப் பக்கமும் நல்லதல்ல; அதைக் குறைக்கத்தான் சொன்னேன்.) ஆனால் கைத்தடி விஷயத்தில் எல்லோரையும் போல அவரும் தவறினார். வலிக்கிற பக்கமே தடியைப் பிடித்தார். இடது கையில் பிடித்தால், தொலைவிலிருந்து கொடுக்கும் சிறு ஊன்றலே தசையின் பாரத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும் என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் பிடித்தது.

சாய்வுக்கும் விலை உண்டு. அந்த மூட்டு பின்னோக்கி நீளாததால், காலைப் பின்னே விடும்போதெல்லாம் அவர் கீழ்முதுகை வளைத்து ஈடுகட்டினார். மாலையானால் முதுகு வலித்தது. அதற்கெனத் தனியாக மாத்திரையும் வாங்கிக்கொண்டிருந்தார்.

பயிற்சியால் ஓரளவு தாக்குப்பிடித்து, பின்னர் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்தார். வலி போய்விட்டது, சாய்வு போகவில்லை. கண்ணாடி முன் நடக்கவைத்தபோது, "இப்பத்தான் வலியே இல்லையே தம்பி, அப்புறம் ஏன் சாயுறேன்?" என்று கேட்டார். ஆண்டுக்கணக்கில் வேலை குறைந்து மெலிந்த தசை புது மூட்டு வந்ததும் தானாகத் தேறிவிடாது என்பதைச் சொன்னேன். பக்கவாட்டில் காலை உயர்த்துவதிலிருந்து மீண்டும் தொடங்கினோம். எட்டு மாதங்கள் ஆயின. காலையில் இப்போது நேராகத்தான் நடக்கிறார். கடையை மூடிவிட்டு இரவில் வீடு திரும்பும்போது மட்டும் தோள் சற்றுச் சரிகிறதென்று அவர் மகள் சொல்கிறார்.