33 அனுப்பிய கடிதங்கள்

டிசம்பர் 8

இன்பாக்ஸ் முழுக்க மெயிலர் டீமன், போய்ச் சேராத மெயிலுக்கு சர்வர் அனுப்பும் பதில். முகவரி இல்லை, பெட்டி நிரம்பிவிட்டது, ஏற்க மறுக்கப்பட்டது. நான் எழுதாத கடிதங்கள் எல்லாம் என்னிடமே திரும்பி வருகின்றன. போலந்தில் யாருக்கோ மாத்திரை விற்றிருக்கிறேன். மதுரையிலிருந்து வரவேண்டியது இந்தக் குப்பைக்குள் எங்காவது கிடக்கிறதா என்று பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். காணோம்.

டிசம்பர் 9

பலகாரக் கடை அண்ணன் காலையிலேயே போன். "தம்பி, ஈப்போவுலேர்ந்து தைக் கல்யாணத்துக்கு ஆர்டர். சீப்புச் சீடையும் மணகோலமும் எவ்வளவுன்னு விலை அனுப்புனா போகவே மாட்டேங்குது." எப்படிப் போகும்? ஜிமெயில் 421 என்று சொல்லி வாசலிலேயே நிறுத்துகிறது. குப்பை மெயில் அனுப்பும் சர்வர்களைக் குறித்து வைக்கும் ஸ்பேம்ஹாஸ் பட்டியலில் நம் ஐபி, சர்வரின் முகவரி எண், ஏறிவிட்டது. நான் பார்த்துக்கொள்ளும் தளங்கள், பலகாரக் கடை, கானாடுகாத்தான் வீடு, பழைய சாமான் கடை எல்லாம் ஒரே சர்வர், ஒரே ஐபி. எவனோ செய்த பாவம், எல்லார் தலையிலும்.

கேட்டவர்கள் எல்லாரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: பாஸ்வேர்டை மாத்து. மாற்றினேன், மன ஆறுதலுக்கு. பாஸ்வேர்ட் போட்டு நுழைந்து அனுப்பியிருந்தால் மெயில் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸின் லாகில் அந்தக் கணக்கின் பெயர் விழுந்திருக்கும். அப்படி ஒரு வரிகூட இல்லை. எல்லாவற்றிலும் 'பிக்கப்', அதாவது சர்வருக்குள்ளிருந்தே போட்ட கடிதம். பக்கத்தில் யூஐடி 33, போட்ட பயனரின் எண். டெபியன் லினக்ஸில் 33 என்றால் வெப் சர்வர், தளங்களைக் காட்டும் நிரல். திருடன் சாவி போட்டு வரவில்லை, உள்ளேதான் குடியிருக்கிறான்.

டிசம்பர் 10

அப்பா இன்றும் கஞ்சிதான். அதுவும் பாதி.

டிசம்பர் 11

போகக் காத்திருக்கும் மெயில் வரிசையை அழித்துவிடு என்கிறான் சென்னை நண்பன். மாட்டேன். அழித்தால் சாட்சி போய்விடும். எல்லாவற்றையும் ஹோல்டில் போட்டுவிட்டு, ஒரு கடிதத்தை மட்டும் பிரித்து ஹெடரைப் பார்த்தேன். தளங்களை ஓட்டும் பிஎச்பி மொழி வழியாகப் போகும் மெயிலில் எந்த ஃபைல் அனுப்பியது என்று ஒரு வரி சேர்க்கும் வசதி 2009லேயே, 5.3 பதிப்பில் வந்துவிட்டது. புண்ணியத்துக்கு இங்கே அது ஆனில் இருந்தது. 33, ஒரு கோலன், தம்ப்ஸ் டாட் பிஎச்பி, அதன் பின்னால் 'இவால்', கொடுக்கும் எழுத்தை அப்படியே நிரலாக ஓட்டும் கட்டளை. ஒரு சிறுபட ஃபைலுக்கு இவால் எதற்கு?

பெயர் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. அதே பெயரில் எத்தனையோ ஃபைல்கள், பாதிக்கு மேல் ஒழுங்கானவை. பிஎச்பியின் மெயில் லாகையும் ஆன் செய்து வைத்தேன். முழுப் பாதை, வரி எண், யாருக்குப் போகிறது என்று எல்லாம் எழுதும். இனி அவன் அடுத்து அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எனக்குப் புதிதா என்ன.

டிசம்பர் 12

மதுரைக்குப் போன் செய்தேன். "மெயில்ல அனுப்பிருவோம் சார்." எந்த மெயிலில்! போனிலேயே சொல்லுங்கள் என்றேன். டாக்டர்தான் சொல்ல வேண்டுமாம்.

டிசம்பர் 13

கிடைத்துவிட்டான். கானாடுகாத்தான் ஆச்சியின் பேத்தி கல்யாணத்துக்குப் போட்ட தளம். அப்லோட்ஸ், 2017, 03. மாலை மாற்றும் படங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறான். ஃபைலின் தேதியும் மார்ச் 2017. தேதியை வைத்துத் தேடியிருந்தால் ஆயுசுக்கும் சிக்கியிருக்க மாட்டான். ஆனால் அந்தத் தேதியைத்தான் 'டச்' கட்டளை கொடுத்து மாற்ற முடியும். சிடைமை, ஃபைலில் கடைசியாக ஏதாவது மாறியபோது சிஸ்டமே குறிக்கும் நேரத்தை, அப்படி மாற்ற முடியாது. ஸ்டாட் அடித்தால் சிடைம் நவம்பர் 30, இரவு 2.14. அதே நிமிடத்தில் வெப் சர்வரான அப்பாச்சியின் லாகில் ஒரு போஸ்ட், வெளியிலிருந்து எதையோ உள்ளே அனுப்பிய கோரிக்கை, பழைய ஸ்லைடர் பிளகினின் அப்லோட் பக்கத்துக்கு. பதில் 200, அதாவது சரி. அந்த லாக் 14 நாள்தான் நிற்கும். நாளை மறுநாள் பார்த்திருந்தால் இதுவும் இல்லை.

கத்த வேண்டும்போல் இருந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 14

கானாடுகாத்தான். ஆச்சி வளவில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் நோன்புக்குக் கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழை எடுத்து வைக்கிறார், அதைக் காட்டினார். தளத்தை எடுத்துவிடலாமா என்றேன்.

"எடுக்கக் கூடாது தம்பி. அவுக சிரிச்ச மாதிரி இருக்கிற படம் அதுல மட்டுந்தான் இருக்கு."

"படம் போகாது ஆச்சி. பக்கம் அப்படியே இருக்கும், உள்ள இருக்கிற எஞ்சினை மட்டும் கழட்டிடுறேன்."

"அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

பக்கங்களை வெறும் எச்டிஎம்எல்லாக இறக்கிவிட்டு, அந்தத் தளத்தில் பிஎச்பியையே அணைத்தேன். டேட்டாபேஸும் போயிற்று. ஐயா படம் இருக்கிறது. நிஜமாகவே நல்ல சிரிப்பு.

டிசம்பர் 15

காலையில் மறுபடியும்! இப்போது பழைய சாமான் கடைத் தளத்திலிருந்து.

டிசம்பர் 15, இரவு

கிரான், குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் நிரல். வெப் சர்வர் பயனரின் கிரான்டேப்பில் ஒற்றை வரி. மணிக்கு ஒருமுறை எங்கிருந்தோ ஃபைலை இழுத்து, எழுத இடம் கிடைத்த ஃபோல்டரில் போடுகிறது. எல்லாத் தளங்களும் அதே 33-இன் கீழ் ஓடுவதால் அவனுக்கு எல்லா வீடும் திறந்த வீடு. வரியை எடுத்தேன், அந்தப் பயனருக்குக் கிரானே கூடாது என்று பூட்டினேன். எல்லா அப்லோட்ஸிலும் பிஎச்பி ஓடத் தடை. தளத்துக்கு ஒரு பயனர் என்று பிரிக்க வேண்டும், அது ஒரு வார வேலை. இப்போது முடியாது.

டிசம்பர் 16

புதிதாக ஒன்றும் போகவில்லை. ஹோல்டில் இருந்ததில் நல்ல கடிதங்களைப் பொறுக்கி விடுவித்தேன், மீதி குப்பைக்கு. ஸ்பேம்ஹாஸுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. ஈப்போவுக்கு விலைப் பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்கிறார் அண்ணன்.

டிசம்பர் 17

பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மதுரையிலிருந்து மெயில் வரவில்லை, போன் வந்தது. நேரில் வரச் சொல்கிறார்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. முதல் பஸ். லேப்டாப்பை எடுத்துப் போவதா வேண்டாமா என்று