பச்சை அறிக்கையும் ஒரு கிகாபிட் கம்பியும்

பெங்களூரு வைட்ஃபீல்டில் உள்ள ஒரு தரவு மையத்தில் பேக்கப் பொறுப்பை ஏற்ற முதல் ஆண்டில், காலையில் வந்ததும் நான் பார்த்தது வெற்றி தோல்வி அறிக்கையை மட்டுமே. வரிகள் எல்லாம் பச்சையாக இருந்தால் அன்றைய கவலை தீர்ந்தது. சேமிப்பகத்தோடு எந்தக் கிளையன்ட் (பேக்கப் எடுக்கப்படும் சர்வர்) எந்த வழியாக இணைந்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கம், ஒரு டேட்டாபேஸ் சர்வரின் பேக்கப் காலை பத்து மணியாகியும் முடியாமல் கிடந்த நாளில்தான் தொடங்கியது.

"ஜாப் ஃபெயில் ஆகல அண்ணா, ஓடிட்டுத்தான் இருக்கு. ஆனா நகரவே மாட்டேங்குது" என்றார் ஓசூரிலிருந்து இரவுப் பணிக்கு வரும் தம்பி.

எங்களிடம் இருந்தது டேட்டா டொமைன் என்ற, டெல் நிறுவனத்தின் பேக்கப் சேமிப்பகம். 2019இல் பவர்புரொடெக்ட் என்று பெயர் மாறிய பிறகும் நாங்கள் அதைப் பழைய பெயரிலேயேதான் அழைக்கிறோம். 'டிடிபூஸ்ட் ஷோ கனெக்‌ஷன்ஸ்' என்ற கட்டளையைக் கொடுத்தால், இணைந்துள்ள கிளையன்ட்களின் பெயர், அதில் உள்ள இணைப்பு மென்பொருளான பிளக்இன்னின் பதிப்பு ஆகியவற்றோடு, சேமிப்பகத்தின் ஒவ்வொரு இன்டர்ஃபேசிலும் (பிணையக் கம்பி சேரும் முனை) எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதும் வரும். பேக்கப்புக்கென்றே ஒதுக்கிய இரண்டு 10 கிகாபிட் இன்டர்ஃபேஸ்களில் பெரும்பாலான கிளையன்ட்கள் சீராகப் பிரிந்திருந்தன. சில மாதங்களுக்கு முன் புதிய சப்நெட்டில் (பிணையத்தின் ஒரு தனி முகவரிப் பகுதி) வைத்த ஆறு சர்வர்கள் மட்டும், நிர்வாகத்துக்கான 1 கிகாபிட் இன்டர்ஃபேசில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. எந்தக் கிளையன்ட் எந்த இன்டர்ஃபேஸ்களுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இன்டர்ஃபேஸ் குழுவில் அந்த சப்நெட்டைச் சேர்க்க மறந்தது நான்தான். எந்தக் குழுவிலும் பொருந்தாத கிளையன்ட், முதலில் வந்த முகவரியிலேயே தங்கிவிடும்.

இத்தனை மாதமும் இது ஏன் வெளியே தெரியவில்லை என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. டேட்டா டொமைனுக்குத் தரவை அனுப்பும் மென்பொருளான டிடி பூஸ்ட், தரவைக் கிளையன்ட்டிலேயே துண்டுகளாக்கி, சேமிப்பகத்தில் ஏற்கெனவே இல்லாத துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. ஆகவே 4 டெராபைட் டேட்டாபேசாக இருந்தாலும் கம்பியில் ஓடியது அதில் சிறு பங்குதான். அந்த வாரம் டேட்டாபேஸ் குழுவினர், இடம் மிச்சமாகும் என்று நல்லெண்ணத்தோடு, பேக்கப்பைச் சுருக்கி அனுப்பும் அமைப்பை இயக்கியிருந்தார்கள். மூலத் தரவில் சிறு மாற்றம் நேர்ந்தாலும், சுருக்கிய வடிவில் அதன் பின் வரும் பைட்டுகள் எல்லாம் உருமாறிவிடுவதால், ஏறத்தாழ ஒவ்வொரு துண்டும் புதியதாகவே தோன்றும். 1 கிகாபிட் கம்பியில் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் போகாது. மணிக்கு 450 கிகாபைட். என் பிழையை அதுவரை மறைத்து வைத்திருந்தது, ஏற்கெனவே உள்ள துண்டுகளை மறுபடி அனுப்பாமல் விடும் டீடூப்ளிகேஷனின் திறமையே என்பது அந்தக் கணக்கைப் போட்டபோது விளங்கியது.

சுருக்கத்தை நிறுத்தச் சொன்னோம். சப்நெட்டைக் குழுவில் சேர்த்தோம். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு அதனால் இடம் மாறாது என்பதால், ஜாபை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. அதற்கு முன், ஜம்போ ஃபிரேம் (வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட்) வழியெங்கும் செல்கிறதா என்று 8972 பைட் அளவில் பிங் என்ற சோதனைச் செய்தியை அனுப்பிப் பார்த்தோம். சாதாரண பிங் பதில் தந்துவிட்டு, பெரிய பாக்கெட் மட்டும் நடுவழியில் ஒரு சுவிட்சில் காணாமல் போகும் கூத்தை இதற்கு முன் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

அதே சூட்டில், சேமிப்பகத்தோடு யார் இணையலாம் என்று சொல்லும் அனுமதிப் பட்டியலையும் திறந்தேன். எப்போதோ கழற்றி வீசிய சர்வர்களின் பெயர்களோடு, யாரும் இணையலாம் என்று பொருள்படும் ஒற்றை நட்சத்திரக் குறியும் அங்கே இருந்தது. ஓடுகிற வண்டியை ஏன் தொட வேண்டும் என்று சிலர் தயங்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை என்றாலும், உடனே நீக்கவும் துணிவில்லை. 35 நாள்கள் தினமும் இணைப்புகளைக் குறித்து வைத்தேன். 29ஆம் நாள் இரவு, அதுவரை ஒருமுறைகூடத் தலைகாட்டாத ஒரு பெயர் இரண்டு மணி நேரம் வந்து போனது. மாதக் கடைசியில் மட்டும் பேக்கப் எடுக்கும் சம்பளப் பட்டியல் சர்வர் அது. அனுமதிப் பட்டியலில் அதற்கென்று தனி வரியே கிடையாது, நட்சத்திரக் குறியின் தயவில்தான் இத்தனை காலமும் வந்து போயிருக்கிறது.