வாஸ், பீன், பை: முறையான ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினை

"பாசிவ் வாய்ஸைத் தவிர்த்துவிடுங்கள்" என்று ஆங்கிலம் எழுதுகிற எல்லாரிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். பாசிவ் வாய்ஸ் என்பதுதான் செயப்பாட்டுவினை: செய்தவரை விட்டு, செயலுக்கு உள்ளானதை எழுவாயாக வைக்கும் அமைப்பு. கணினியில் இருக்கும் இலக்கணச் சரிபார்ப்பும் பல நேரம் அதற்குக் கோடு போட்டுக் காட்டும். அதை நம்பி எல்லா வாக்கியத்தையும் செய்வினைக்கு மாற்றுகிறவர்கள் நல்ல வாக்கியங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: படிப்பவருக்கு "யார் செய்தது?" என்ற கேள்வி எழுமா, எழாதா?

"தி சர்வர் வில் பி ஷட் டவுன் அட் 10 பி.எம்." என்று ஓர் அறிவிப்பு. அணைக்கப்போவது யார் என்பது யாருக்கும் தேவையில்லை, நேரம் தெரிந்தால் போதும். இதே அலுவலகத்தில் இன்னொரு அஞ்சல்: "தி இன்வாய்ஸ் வாஸ் நாட் அப்ரூவ்ட்." இதைப் படிப்பவர் அடுத்து யாரிடம் போய் நிற்பார்? மேலாளரிடமா, கணக்குப் பிரிவிடமா? இரண்டும் ஒரே அமைப்புதான். முதலாவது தெளிவாக இருக்கிறது, இரண்டாவது ஆளை அலைய விடுகிறது.

இந்த அமைப்பு நமக்கு ஏன் இவ்வளவு கைக்கு வருகிறது என்பதற்குத் தமிழிலேயே காரணம் இருக்கிறது. "கடிதம் அனுப்பியாச்சு" என்று சொல்லும்போது நானா, அவரா, அவர்களா என்று வினையில் எந்த அடையாளமும் கிடையாது. எழுவாயே இல்லாமல் வாக்கியம் முழுமையாக நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் அப்படி நிற்க முடியாது. அதனால் "தி லெட்டர் ஹாஸ் பீன் சென்ட்" என்று கடிதத்தையே எழுவாய் இடத்தில் உட்கார வைக்கிறோம். இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சில் "யார் அனுப்பினது?" என்று எதிரில் இருப்பவர் உடனே கேட்டுவிடுவார். கடிதத்தில் அந்தக் கேள்வியை எழுதுகிறவரே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செயப்பாட்டுவினையே சரியாகப் பொருந்தும் இடங்கள் உண்டு. ஆய்வறிக்கையில் "தி சாம்பிள்ஸ் வேர் ஹீட்டட் டு 60 டிகிரீஸ் ஃபார் 10 மினிட்ஸ்" என்று எழுதுகிறார்கள். யார் சூடாக்கினாலும் அதே முடிவு வர வேண்டும் என்பதுதான் அங்கே முக்கியம். உரிமைகளையும் தடைகளையும் எழுதும்போது இதன் வலிமை இன்னும் கூடுகிறது. 1948-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 9-ஆவது பிரிவைப் பாருங்கள்: "நோ ஒன் ஷல் பி சப்ஜெக்டட் டு ஆர்பிட்ரரி அரெஸ்ட், டிடென்ஷன் ஆர் எக்ஸைல்." செய்பவர் பெயரைப் போட்டிருந்தால், பெயர் இல்லாதவர் தப்பித்துக்கொள்வார். விட்டிருப்பதால்தான் அது காவலர், அரசு, படை என எல்லாருக்கும் பொருந்துகிறது.

பத்தியின் ஓட்டத்துக்கும் இது உதவும். "தி பம்ப் வாஸ் இன்ஸ்டால்ட் இன் மே. இட் வாஸ் டெஸ்டட் ட்வைஸ் அண்ட் ஹேண்டட் ஓவர் இன் ஜூன்." கண் பம்பை விட்டு நகரவில்லை. இதையே செய்வினையில் எழுதினால் பொருத்தியவர், சோதித்தவர், ஒப்படைத்தவர் என்று மூன்று எழுவாய்கள் வரும், பம்ப் வாக்கியத்தின் வாலுக்குப் போய்விடும்.

ஒப்பந்தத்தில் நிலைமை வேறு. அங்கே விட்டுப்போன ஒரு சொல் பணத்தில் முடியும். வாடகை ஒப்பந்தம் ஒன்றில் இப்படி ஒரு வரி: "தி டெபாசிட் ஷல் பி ரிஃபண்டட் வித்இன் 30 டேஸ்." இலக்கணம் சரி. ஆனால் திருப்பித் தர வேண்டியது உரிமையாளரா, இடைத்தரகரா? 30 நாள் எந்தத் தேதியிலிருந்து? யாருக்கு? இப்படி மாற்றலாம்: "தி லேண்ட்லார்ட் ஷல் ரிஃபண்ட் தி டெபாசிட் டு தி டெனன்ட் வித்இன் 30 டேஸ் ஆஃப் தி டேட் ஆன் விச் தி கீஸ் ஆர் ரிட்டர்ன்ட்." கடைசியில் "கீஸ் ஆர் ரிட்டர்ன்ட்" என்ற செயப்பாட்டுவினையை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். சாவியைக் குடியிருந்தவரே கொண்டுவந்து தரலாம், நண்பரிடமும் கொடுத்து அனுப்பலாம். நாள் கணக்குக்குச் சாவி வந்து சேர்ந்த தேதிதான் தேவை. கடமை யாருக்கு இருக்கிறதோ அவரைச் செய்வினையில் வையுங்கள், நிகழ்வு மட்டும் போதுமென்றால் செயப்பாட்டுவினையில் விடுங்கள்.

இனி, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது வரும் பிழைகள். இவற்றுக்கு மூலகாரணம் பெரும்பாலும் "படு" என்ற துணைவினை. "செய்யப்பட்டது" செயப்பாட்டுவினை. ஆனால் "ஏற்பட்டது", "வேறுபடுகிறது", "செயல்படுகிறது" ஆகியவற்றில் "படு" இருந்தாலும் அவை செயப்பாட்டுவினை அல்ல. காது ஏமாந்துபோய் "தி எரர் வாஸ் அக்கர்ட்", "திஸ் மாடல் இஸ் டிஃபர்ட் ஃப்ரம் தி ஓல்டு ஒன்" என்று எழுத வைக்கிறது. சரியானவை "தி எரர் அக்கர்ட்", "திஸ் மாடல் டிஃபர்ஸ் ஃப்ரம் தி ஓல்டு ஒன்". ஹேப்பன், அக்கர், அரைவ், எக்ஸிஸ்ட், டிஸப்பியர் எல்லாம் செயப்படுபொருள் குன்றிய வினைகள். "எதை?" என்று கேட்டால் பதில் வராத வினைக்குச் செயப்பாட்டுவினை அமையாது. பள்ளியில் படித்த அந்தப் பாடம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

அடுத்தது "எனக்குத் தெரிவிக்கப்பட்டது." இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி "இட் வாஸ் இன்ஃபார்ம்ட் டு மீ" என்று எழுதுவது மிகவும் பரவலான பிழை. இன்ஃபார்ம் என்ற வினைக்கு, தகவலைப் பெறும் ஆள்தான் செயப்படுபொருள். ஆகவே "ஐ வாஸ் இன்ஃபார்ம்ட் தட்..." என்று வர வேண்டும். எக்ஸ்பிளெய்ன் இதற்கு நேர்மாறு. அதில் விளக்கப்படும் விஷயம்தான் செயப்படுபொருள், ஆளுக்கு முன்னால் "டு" வரும். "ஐ வாஸ் எக்ஸ்பிளெய்ன்ட் தி ப்ரொசீஜர்" தவறு, "தி ப்ரொசீஜர் வாஸ் எக்ஸ்பிளெய்ன்ட் டு மீ" சரி. இதற்குக் குறுக்குவழி கிடையாது, இந்த இரண்டு வினைகளையும் தனித்தனியாகத்தான் மனத்தில் பதிக்க வேண்டும்.

பீன், பீயிங் இரண்டும் வாயில் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிப்பதால் எழுத்திலும் குழம்புகின்றன. "இஸ் பீயிங் ரிவ்யூட்" என்றால் பரிசீலனை நடந்துகொண்டிருக்கிறது. "ஹாஸ் பீன் ரிவ்யூட்" என்றால் முடிந்துவிட்டது. "இஸ் பீன் ரிவ்யூட்" என்று ஒன்று கிடையாது. அதைப் பெறுகிறவர் வேலை முடிந்ததா, நடக்கிறதா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். முடிந்தது என்று எடுத்துக்கொண்டு அடுத்த கட்டத்தைத் தொடங்கிவிட்டால் சேதம் பெரிது. காலத்தைப் பற்றி இன்னொன்று: நேற்று, திங்கட்கிழமை என்று முடிந்துபோன நாளைச் சொன்னால் "ஹாஸ் பீன்" வராது. "தி பேமென்ட் வாஸ் ரிசீவ்ட் எஸ்டர்டே" என்றுதான் எழுத வேண்டும்.

மரியாதை, பொறுப்பு இரண்டும் சேரும் இடத்தில் என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன்: பிழை பிறருடையது என்றால் செயப்பாட்டுவினை, நம்முடையது என்றால் செய்வினை. "யூ டிட் நாட் சைன் தி ஃபார்ம்" என்பது விரலை நீட்டிக் குற்றம் சொல்வதுபோல் இருக்கும். "தி ஃபார்ம் வாஸ் நாட் சைன்ட்" அதே செய்தியைப் பதவிசாகச் சொல்லிவிடுகிறது. மன்னிப்புக் கடிதத்தில் இதைத் திருப்பிப் போடுங்கள். 1987 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் பற்றி அன்றைய அதிபர் ரீகன் "சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்" என்றார். செய்தது யார் என்பதை அந்த வாக்கியம் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கும்போது அப்படி எழுதினால் படிப்பவர் உடனே கவனித்துவிடுவார். "வீ சென்ட் யூ தி ராங் இன்வாய்ஸ் ஆன் 3 மார்ச்" என்று தொடங்குங்கள். அதன் பிறகு "தி கரெக்டட் இன்வாய்ஸ் இஸ் அட்டாச்ட்" என்று வருவதில் தடையில்லை.

வாக்கியத்தின் முன்பகுதியில் ஒரு செயலைச் சொல்லிவிட்டுப் பின்பகுதியைச் செயப்பாட்டுவினையில் முடிக்கும்போதும் கவனம் தேவை. "ஆஃப்டர் செக்கிங் தி ரெக்கார்ட்ஸ், தி க்ளெய்ம் வாஸ் ரிஜெக்டட்" என்றால், இலக்கணப்படி ஆவணங்களைச் சரிபார்த்தது அந்த விண்ணப்பமே! காற்புள்ளிக்கு அடுத்து, சரிபார்த்தவர் வர வேண்டும்: "தி கமிட்டி ரிஜெக்டட் தி க்ளெய்ம்."

"பை" என்ற சொல்லுக்குத் தமிழில் ஆல், மூலம், -க்குள் என்று மூன்று வேலைகள். "தி ரிப்போர்ட் வில் பி சென்ட் பை தி ஆடிட்டர் பை ஈமெயில் பை ஃப்ரைடே" என்ற வாக்கியத்தில் மூன்றும் வரிசையாக வந்து நிற்கின்றன. தணிக்கையாளரை எழுவாய் ஆக்கினால் ஒன்று குறையும், ஈமெயிலை வினையாக்கினால் இன்னொன்றும் குறையும்: "தி ஆடிட்டர் வில் ஈமெயில் தி ரிப்போர்ட் பை ஃப்ரைடே" என்றால் ஒன்றே ஒன்று மிஞ்சும்.

எழுதி முடித்ததும் கணினியின் தேடல் பெட்டியில் "பீன்", "பை", "இட் வாஸ்" என்ற மூன்றையும் போட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் நின்று, யார் என்ற கேள்விக்குப் பதில் தேவையா என்று பாருங்கள். "இட் வாஸ் டிசைடட் தட்" கண்ணில் பட்டால், முடிவெடுத்தவரை அங்கேயே எழுதுங்கள். யார் என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால், அனுப்பும் முன் விசாரித்துவிடுங்கள்.