கோழி சுட்டு வாங்கிய கோட்டு

என் தீயணைப்புக் கோட்டின் உள்பக்கம் ஒரு சீட்டு தைத்திருக்கிறது. தயாரித்தது 2016 மார்ச். பத்து வருடம் ஆகிவிட்டால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் கோட்டைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. வரும் மார்ச்சோடு என்னுடையதும், அப்போது சேர்த்து வாங்கிய இன்னும் ஆறும் போகின்றன.

இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மலையோரக் கிராமம். வீட்டிலிருந்தே கணினி வேலை பார்ப்பதால், பகலில் பேஜர் அடித்தால் தீயணைக்க ஓட முடிகிற நாலைந்து பேரில் நானும் ஒருவன். தேனிப் பக்கம் பிறந்தவனுக்குத் தீ என்றால் 101, அரசு வண்டி, அரசுச் சம்பளம். இந்த நாட்டில் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் சம்பளம் வாங்காத தொண்டர்கள் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

சம்பளம் யாரும் கேட்கவில்லை. சாமான் வேண்டாமா? கோட்டும் கால்சட்டையும் சேர்ந்து ஒரு செட் 4,000 டாலரைத் தொடுகிறது. புது வண்டி பத்து லட்சம் டாலர் வரை போகிறது. ஊராட்சி தருவது காப்பீட்டுக்கும் டீசலுக்கும் சரியாகப் போய்விடும். வெளிமாநிலக் கம்பெனிகளின் தீக்காப்பீட்டு பிரீமியத்தில் மாநிலம் பிடிக்கும் 2% வரியிலிருந்து ஒரு பங்கு வரும். மிச்சத்துக்குக் கோழி.

சனிக்கிழமை விடிகாலை நாலு மணிக்குக் கரி மூட்டி, வினிகரும் வெண்ணெயும் தடவித் தடவி 400 அரைக்கோழி சுடுவோம். எல்லாம் விற்றால் 2,000 டாலர் நிற்கும். ஒரு செட்டில் பாதி.

போன ஜூனில் கோழி பாதி வெந்திருக்கும்போது சைரன். வைக்கோல் களஞ்சியம் எரிகிறது. எங்கள் பக்கம் தெருவில் தண்ணீர்க் குழாய் கிடையாது. மடக்குத் தொட்டியை விரித்தோம்; பக்கத்து ஊர் டேங்கர்கள் மாறி மாறித் தண்ணீர் கொண்டுவந்து அதில் கொட்டின. அஞ்சு மணி நேரம் கழித்துத் திரும்பினால், எழுபது வயதைத் தாண்டிய மூன்று பெண்கள் மொத்தக் கோழியையும் திருப்பிச் சுட்டு விற்று, பணத்தை எண்ணிக் கட்டி வைத்திருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் வருத்தமும் அங்கேதான். பத்தொன்பது வயதில் சேர்ந்த ஒரு பையன் இரண்டே வருடத்தில் விலகினான். தீயை அணைக்க வந்தவனை நாங்கள் பணம் திரட்ட நடத்தும் பிங்கோ என்ற எண் விளையாட்டுக்கும் லாட்டரிச் சீட்டு விற்கவுமே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். 1970களில் இந்த மாநிலத்தில் சுமார் 3,00,000 தொண்டர்கள். 2018இல் வந்த சட்டமன்ற அறிக்கையில் சுமார் 38,000. வேலை, குடும்பம், பயிற்சி நேரம் என்று காரணம் பல சொல்வார்கள். நான் பார்த்த வரையில் பணம் திரட்டும் அலுப்பை யாரும் சரியாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மத்திய அரசின் தீயணைப்பு மானியத்துக்கு இந்த முறை நான்தான் விண்ணப்பம் எழுதுகிறேன். பெரிய நகரங்களில் இதற்கென்றே சம்பள ஆள் உண்டு. எங்களிடம் பத்து வருட அழைப்புக் கணக்கு சுருள் நோட்டுகளில் கிடக்கிறது. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து கணினியில் ஏற்றுகிறேன். 20,000 பேருக்கு உட்பட்ட ஊர் என்பதால் எங்கள் பங்கு 5% போதும். ஏழு செட்டுக்கு அது 1,400 டாலருக்குள்.

அடுத்த சனிக்கிழமைக்குக் கோழி சொல்லியாகிவிட்டது.