எந்த இடத்தில், தம்பி?

"அவளுக்குப் புத்தி பேதலிக்கிறது இன்னும் கொஞ்சம் தெளிவா வரணும்மா. படிக்கிறவங்களுக்குப் பிடிபடணும்." நான் அப்போது ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். முதல் கதை அனுப்பியிருந்த ஒரு அம்மாவிடம் இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். கதையில் எனக்கு இருந்த ஒரே குறை அதுதான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: "எந்த எடத்துல தம்பி அவளுக்குப் புத்தி பேதலிக்குது?"

குத்தலாகக் கேட்கவில்லை. எழுத்தாளர்களின் குத்தல் எனக்குப் பழக்கம். ஒரு வரி வெட்டினாலே குரல் மாறிவிடும். இவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் இடத்தைச் சொன்னால் குறித்துக்கொள்ளப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார் என்றுகூடத் தோன்றியது. கைப்பிரதி என் மேஜை மேலேயே இருந்தது. புரட்டினேன்.

2012. சென்னையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனதற்கே நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தோம். வெளியூர்களில் பத்து மணி நேரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. கதை அதிலிருந்துதான் தொடங்குகிறது. இறந்துபோன கணவர் மின்வாரியத்தில் லைன்மேன். உயிரோடு இருந்த காலமெல்லாம் கரண்ட் போனால் வீட்டில் இருக்க மாட்டார். மழையோ நடுராத்திரியோ, டி.வி.எஸ். 50-ஐ உதைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊருக்கே வெளிச்சம் வந்த பிறகுதான் அவர் வீட்டுக்கு வருவார். இப்போது கரண்ட் போனால் வருகிறார். வாசலில் வண்டிக்கு ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்கும். அவள் டீ போட்டு வைப்பாள். கரண்ட் வந்ததும், ஆடை படிந்து கிடக்கும் டீயை முருங்கை மரத்தடியில் ஊற்றுவாள். அந்த வருடத்து மின்வெட்டில் மனுஷன் ஒரு நாளில் பாதி நேரம் வீட்டில் இருக்கிறார். முப்பது வருடக் குடித்தனத்தில் கிடைக்காதது இப்போது கிடைக்கிறது என்று அவள் சந்தோஷப்படுகிறாள்.

கடைசிக் காட்சியில் அவர் உள்ளே வரவில்லை. வாசலில் வண்டியை அணைக்காமல் நின்று, "பின்னாடி உக்காரு" என்கிறார். அவள் அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கிறாள். தெருவில் கரண்ட் வருகிறது. கதை முடிந்தது.

இதில் எந்த இடம்? டீ வைத்ததையா சொல்வது? அமாவாசைக்கு அமாவாசை இலை போட்டு, காகம் வரவில்லையே என்று மொட்டை மாடியில் நின்று கூப்பிடுகிற ஊர் நம் ஊர். படத்தோடு பேசாத வீடு எது? ஸ்டாண்ட் சத்தம் கேட்டதும் இவளுக்கு மட்டும்தான். அது கேட்டதற்காக இவள் தெருவில் ஓடவில்லை, கூச்சல் போடவில்லை. கணக்காகப் பால் வாங்குகிறாள், கேஸ் பதிவு செய்கிறாள். இப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். "வண்டியில் ஏறப் போறாளேம்மா, அந்த இடம்" என்றேன்.

"அது பேதலிப்பு இல்ல தம்பி. கூப்பிட்டா போறதுதான."

"சரிம்மா, அப்படியே இருக்கட்டும். முடிவு அபாரம்மா" என்றேன். அவரும் சந்தோஷமாக, "அப்படியா" என்றார். சன்மானம் அனுப்ப விலாசத்தைச் சரிபார்த்தோம். போனை வைத்துவிட்டேன்.

கதையை ஒரு எழுத்தும் மாற்றாமல் போட்டோம். ஓவியர் மட்டும் வெள்ளைப் புடவை, விரித்த கண் என்று வழக்கமான படத்தைப் போட்டிருந்தார். கதையில் அவள் கட்டியிருப்பது மாம்பழக் கலர் புடவை, கணவர் எடுத்துக் கொடுத்தது. மாற்றச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். அந்த விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் திருப்திதான். நம் பேய்க் கதைகளில் விதவைக்கு இரண்டே வேஷம். ஒன்று, அநியாயமாகச் செத்துப் பழிவாங்க வருகிறவள். இன்னொன்று, வேப்பிலைக்கு முன்னால் ஆடுகிறவள். துக்கத்தில் இருக்கிற பெண் துக்கத்தில் மட்டும் இருக்க நாம் விடுவதில்லை.

என்னை நிம்மதியாக இருக்க விடாதது அந்த "சரிம்மா"தான். எழுத்தாளரின் பிரதியை மதித்த உதவி ஆசிரியர் என்று எடுத்துக்கொண்டால் நான் செய்ததில் தப்பே இல்லை. வேலையும் அதுதானே. தொழில்முறையில் எனக்குத் துணைக்கு ஆளும் உண்டு. இலக்கியக் கோட்பாட்டாளர் த்ஸ்வெதான் தொதொரோவ் 1970-இல் எழுதியது: நடந்தது அமானுஷ்யமா, பார்ப்பவரின் மனமயக்கமா என்று வாசகர் தீர்மானிக்க முடியாமல் தயங்குகிறாரே, அந்தத் தயக்கம் இருக்கும் வரைதான் அந்த வகைக் கதைக்கு உயிர். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிட்டால் அது வேறு வகைக் கதையாகிவிடும். ஆக, பேதலிப்பைத் தெளிவாக்கச் சொன்ன நான்தான் கதையைக் கெடுக்கப் பார்த்தேன். அந்த அம்மா காப்பாற்றினார். இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தயக்கம் வாசகருக்கு உரியது. போனில் ஒரு பெண், கூப்பிட்டால் போவதுதானே என்று சாதாரணமாகச் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருப்பவன் வாசகனா?

அவர் தன் கதையைத்தான் எழுதினார் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. பிரதியோடு வந்த கடிதத்தில், கணவர் மின்வாரியத்தில் இருந்து காலமானார் என்று ஒரு வரி இருந்தது. அவ்வளவுதான். எப்போது காலமானார் என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. பெரியவரிடம், அதாவது அப்போதைய ஆசிரியரிடம், பொதுவாகச் சொல்வதுபோல இதைச் சொன்னேன். "நாம கதையைத்தான் எடிட் பண்றோம், ஆளை இல்ல" என்றார். கதாநாயகனைக் கொல்லும் எழுத்தாளரை எல்லாம் போலீஸில் சொல்ல முடியுமா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது, இப்போதும் சரிதான்.

சில வருடம் கழித்து, வேறொரு கட்டுரைக்காகத் தேடியபோது டெவி ரீஸ் என்கிற மருத்துவரின் ஆய்வு கையில் கிடைத்தது. வேல்ஸின் நடுப்பகுதியில் தன் வட்டாரத்தில் துணையை இழந்த 293 பேரை, 227 பெண்களும் 66 ஆண்களும், அவர் நேரில் பார்த்துப் பேசியிருக்கிறார். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1971-இல் வந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இறந்தவர் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றியிருக்கிறது. சிலர் பார்த்திருக்கிறார்கள், சிலர் குரல் கேட்டிருக்கிறார்கள், சிலர் பேசியும் இருக்கிறார்கள். நீண்ட காலம் நன்றாக வாழ்ந்த தம்பதிகளிடம்தான் அது அதிகம். பெரும்பாலோருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கிறது. பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு, விபத்தில் கணவரை இழந்த தோக்கியோ பெண்களிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வில் விகிதம் இன்னும் கூட. அங்கே வீட்டுக்குள்ளேயே முன்னோர் மாடம் உண்டு. தினமும் அதற்குப் படைத்துப் பேசுவார்கள். இறந்தவர் வருவதை விசித்திரமாக நினைக்க அங்கே காரணமே இல்லை.

படித்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அன்றைக்கே அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, நீங்க சொன்னதுதாம்மா சரி, எந்த இடத்திலும் இல்லை என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் நிம்மதி கரைந்துவிட்டது. ரீஸின் கணக்கு டீக்கும் ஸ்டாண்ட் சத்தத்துக்கும்தான் பதில் சொல்கிறது. பின் சீட்டுக்குச் சொல்லவில்லை.

மனநல மருத்துவரான நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "ஒரு கதை" என்றுதான் ஆரம்பித்தேன். அவர் கதை என்று நம்பவில்லை. துக்கம் நோயாகக் கணக்கில் வர, உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் குறைந்தது ஆறு மாதம், 2022-இல் திருத்திய அமெரிக்க மனநலக் கையேட்டில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் தாண்ட வேண்டும், அப்புறமும் அன்றாட வாழ்க்கை முடங்கியிருக்க வேண்டும் என்றார். கணவர் வருகிறார் என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. "வந்து என்ன சொல்றார்? அதுதான் கேள்வி. கூட வரச் சொல்றாரா, இவங்களுக்குப் போகணும்னு இருக்கா? நேராக் கேட்டுடணும். கேட்டா அந்த எண்ணத்தை நாமளே விதைச்சிடுவோம்னு பயப்பட வேண்டாம், அப்படி ஆகாது." கேட்பது இவ்வளவு சுலபமா என்று இருந்தது. ஆனால் முகம் தெரியாத ஒரு பெண்ணின் முதல் கதையைப் பாராட்டப் போன் செய்தவன், "உங்களுக்குச் சாகணும்னு இருக்காம்மா?" என்று எப்படிக் கேட்பான்? கேட்டிருந்தால், தன் கதையைக் கதையாகவே இவர்கள் படிக்கவில்லை என்று அவர் நினைத்திருக்க மாட்டாரா?

நான் ஏன் அந்த முடிவை அபாரம் என்றேன்? இந்தக் கேள்விதான் நாளாக ஆகப் பெரிதாகிறது. காரணத்தைச் சிலப்பதிகாரத்தில் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் தமிழ் எம்.ஏ. படித்தவனின் வீம்பாகத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். ஊர்சூழ் வரி என்ற பகுதியில், வெட்டுப்பட்டுக் கிடக்கும் கோவலனைக் கண்ணகி தழுவுகிறாள். அவன் எழுந்து நிற்கிறான். உன் முழுநிலா முகம் வாடிவிட்டதே என்று சொல்லிக் கையால் கண்ணீரைத் துடைக்கிறான். அவள் காலைப் பற்றியதும், நீ இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு தேவர்களோடு போய்விடுகிறான். அடுத்த நொடி அவள் கேட்கிறாள்: "மாயங்கொல் மற்றென்கொல் மருட்டியதோர் தெய்வங்கொல்". மாயமா, வேறு என்னவோவா, என்னை மயக்கிய தெய்வமா? இளங்கோ பதில் சொல்வதில்லை. அவளும் பதிலுக்குக் காத்திருக்காமல் சிலம்பை எடுத்துக்கொண்டு அரசனிடம் போகிறாள். கண்ட காட்சியைத் தானே சந்தேகிக்கத் தெரிந்தவளை, அதற்காக வேலையை நிறுத்தாதவளை, புத்தி பேதலித்தவள் என்று எந்த உரைகாரரும் சொன்னதாக நான் படித்ததில்லை.

முதலில் இதில் எனக்கு வித்தியாசம்தான் தெரிந்தது. கோவலன் இரு என்றான். லைன்மேன் ஏறு என்றார். ஆபத்து இருக்கும் இடத்தைப் பிடித்துவிட்டேன் என்று இருந்தது. அப்புறம் மேலே படித்தால், பதினான்கு நாள் கழித்து, மலையில் வேங்கை மரத்தடியில் நிற்கும் கண்ணகி அதே கோவலனோடு வான ஊர்தியில் ஏறிப் போகிறாள். குறவர்கள் பார்க்கிறார்கள், சேரன் கோயில் கட்டுகிறான், நாம் கும்பிடுகிறோம். கூப்பிட்டால் போவதுதானே என்று அந்த அம்மா சொன்னது அவருடைய சொந்தச் சரக்கில்லை. எனக்கும் அது அபாரமாகப் பட்டதற்கு என் ரசனை மட்டும் காரணமில்லை. புருஷன் பின்னால் போகிறவளைப் பார்த்தால் கை தன்னால் கும்பிடுகிறது. இப்படி யோசிக்கும்போது கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. பெரிதுபடுத்துகிறேனோ என்றும் இருக்கிறது, ஒரு டி.வி.எஸ். 50-க்கு இத்தனை வியாக்கியானமா?

ஆஸ்திரேலியப் படம் ஒன்று, தி பாபடூக், 2014-இல் வந்தது. அதிலும் விதவைதான், சின்ன மகனோடு. வீட்டுக்குள் வந்த பேயை அவள் கொல்வதில்லை, அதோடு போவதுமில்லை. கடைசியில் நிலவறையில் வைத்து அதற்குப் புழு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். பார்த்தபோது, இதைச் சொல்லி அந்த அம்மாவிடம் முடிவை மாற்றச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன்: வண்டியில் ஏறாமல், இன்னும் கொஞ்ச நாள் டீ போட்டுக் கொடுக்கட்டும். கதை கெட்டுப்போயிருக்கும். நிச்சயமாகக் கெட்டுப்போயிருக்கும்.

ஒருமுறை போன் செய்தேன். தொகுப்பு ஒன்றுக்கு அனுமதி கேட்பதாகச் சாக்கு. அவரேதான் எடுத்தார். குரல் தெளிவாக இருந்தது. சம்மதம் சொன்னார். வைக்கும் நேரத்தில், "இப்பல்லாம் கரண்ட் போறதே இல்ல தம்பி" என்றார். மின்வெட்டு ஓய்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஊரே அதைத்தான் பேசியது. நானும், "ஆமாம்மா, நல்லதாப் போச்சு" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து "ம்" என்று வந்தது.

பிற்பாடு இன்னொரு கதை அனுப்பினார். மருமகள், வாட்டர் ஹீட்டர், ஒரு சின்னச் சண்டை. பேய் இல்லை, உயிரும் இல்லை. திருப்பி அனுப்பினேன். நல்லபடியாக இருக்கிறார் என்பதற்கு அந்தச் சுமாரான கதையைவிட நல்ல அத்தாட்சி எனக்குக் கிடைக்காது. அதைத் திருப்பி அனுப்பியதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இப்போது எங்கள் உதவி ஆசிரியர்களிடம், கதையை மட்டும் பாருங்கள், ஆளைப் பார்க்காதீர்கள் என்று பெரியவர் சொன்னதையேதான் சொல்கிறேன். போன தீபாவளி மலருக்கு வந்த பேய்க் கதை ஒன்றில், செத்தவன் மனைவியைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நம்பரை வாங்கி நானே போன் செய்து, சுற்றி வளைக்காமல், நலமாக இருக்கிறீர்களா, கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். எடுத்தது ஒரு பையன், பொறியியல் மூன்றாம் வருடம். "கதை நல்லா இருக்கா இல்லையா சார்?" என்றான் எரிச்சலோடு. சுமார்தான். நடுவில் ஒரு பக்கம் வெட்டிப் போட்டோம்.