ஆழம் தோண்டினால் தண்ணீர் தெளியாது

சிறிய பிளேசர் சுரங்கத்தில், அதாவது ஆற்று மணலையும் சரளையையும் கழுவித் தங்கம் எடுக்கும் இடத்தில், கழுவிய நீர் தெளிவதற்கான குட்டை கலங்கலாகவே இருந்தால், உடனே பொக்லைனை இறக்கி ஆழப்படுத்தச் சொல்வார்கள். ஆழப்படுத்தினால் சேறு தங்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான். தண்ணீர் தெளியுமா என்பது குட்டையின் பரப்பைப் பொறுத்தது.

0.02 மி.மீ. வண்டல் துகள் அசையாத நீரில் நொடிக்கு ஏறத்தாழ 0.36 மி.மீ. இறங்கும். மணலைக் கழுவித் தங்கத்தைப் பிடிக்கும் சரிவான பெட்டியிலிருந்து நொடிக்கு 20 லிட்டர் வந்தால், 0.02 கன மீட்டரை 0.00036 மீட்டரால் வகுக்க வேண்டும். 56 சதுர மீட்டர் வரும். காற்றும் சுழிப்பும் இருக்குமே, அதனால் இரு மடங்காக 120 சதுர மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்: 6 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம். சதுரமாக வெட்டினால் நுழைந்த தண்ணீர் குறுக்கே ஓடி நேராக வெளிவாய்க்குப் போய்விடும், மூலைகள் சும்மா கிடக்கும். குழாயிலிருந்து தண்ணீர் தொபதொபவென்று விழுந்தாலும் இதே கெடுதல்தான். மட்டம் பார்த்துப் பதித்த பலகை மேல் முழு அகலத்துக்கும் பரவி வழிய விடுங்கள்.

பெரிய குட்டைக்கு முன்னால் மணல் பிடிக்கச் சின்னதாக இரண்டு குழிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்றை வாரும்போது மற்றது ஓடும். இதை விட்டுவிட்டால், மணலே பெரிய குட்டையின் வாயை அடைத்துவிடும்.

களிமண்ணைப் பரப்பாலும் பிடிக்க முடியாது. 0.002 மி.மீ. துகள் ஒரு மீட்டர் இறங்க மூன்று நாளுக்கு மேல் ஆகும். மேலே பார்த்த அதே ஓட்டத்துக்கு, அதே இரு மடங்குக் கணக்கில், ஒரு ஹெக்டேருக்கு மேல் குட்டை வேண்டியிருக்கும். அதனால்தான் அந்த நீரை ஆற்றில் விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம். புதுத் தண்ணீர், கசிவிலும் ஆவியிலும் ஈரமான கழிவு மணலிலும் போகிற அளவுக்கு மட்டும் போதும். ஆனால் சுற்றச் சுற்றக் களி சேர்ந்து நீர் கனத்துவிடும். அப்போது பொடித் தங்கம் பெட்டியின் அடியிலுள்ள குறுக்குச் சட்டங்களில் தங்காமல் மிதந்து போகும். பெட்டியின் கடைசியில் விழும் மணலைத் தினமும் ஒரு தட்டு அலசிப் பாருங்கள். அதில் தங்கம் தெரிந்தால், பெட்டியின் சரிவை மாற்றும் முன் தண்ணீரைக் கவனியுங்கள்.

பம்பின் உறிஞ்சுவாயை மிதவையில் கட்டி, மேல்மட்டத்துக்கு 30 முதல் 50 செ.மீ. கீழே தொங்க விடுங்கள். தரையில் கிடந்தால் படிந்த சேற்றையே இழுக்கும்; மிக மேலே இருந்தால் சுழி விழுந்து காற்று புகும்.

களியைத் திரட்டப் படிகாரமோ பாலிமரோ போடுவதானால், முதலில் அரை டஜன் கண்ணாடிக் குடுவைகளில் வெவ்வேறு அளவு கலந்து பாருங்கள். படிகாரம் நீரின் அமிலத்தன்மையைக் கூட்டும். நேர்மின் பாலிமர் மீன்களின் செவுள்களைப் பாதிக்கும். ஆற்றோரத்தில் எதிர்மின் வகையே பாதுகாப்பானது.

பெரிய அழிவு மழையில்தான் வரும். ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. பெய்தால் 500 கன மீட்டர். நம் குட்டையோ ஒன்றரை மீட்டர் ஆழமானால் 180 கன மீட்டர்தான் கொள்ளும். தோண்டும் இடத்துக்கு மேட்டுப் பக்கத்திலேயே சுற்று வாய்க்கால் எடுத்து, மழைநீர் சேறு படாமல் ஆற்றுக்குப் போக வழி செய்யுங்கள். செங்குத்தான இடங்களில் கல் பதியுங்கள். மிகுந்த நீர் வழியும் கலிங்கைக் கரையின் ஓரத்தில், தோண்டாத பழைய நிலத்தில் வெட்ட வேண்டும். புதுமண் மேல் வழிந்த தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு போகும். நீர்மட்டத்துக்கு மேல் கரை அரை மீட்டராவது உயர்ந்திருக்கட்டும்.

கரை போடும்போது வேரும் மேல்மண்ணும் நீக்கி, களி கலந்த மண்ணை 20 செ.மீ. அடுக்குகளாக ஈரத்தோடு இறுக்குங்கள். கழுவிய மணலால் போட்ட கரை கசிந்தே தீரும். கரையடியில் தெளிந்த நீர் கசிந்தால் அளந்து குறித்து வையுங்கள். அதே கசிவு கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கிறது. பம்பை நிறுத்தி மட்டத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை.

வெளியேறும் நீரை ஒரு லிட்டர் இம்ஹாஃப் கூம்பில் (படிவதை அளக்க அடியில் அளவுக்கோடு போட்ட கூம்புக் குடுவை) பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். அமெரிக்க விதிப்படி, தங்க பிளேசர் சுரங்கம் வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 0.2 மி.லி.க்கு மேல் படியக் கூடாது. ஒன்றுமே படியாத கூம்பிலும் நீர் பழுப்பாக நிற்கலாம். அது களி, கூம்பு அதைக் காட்டாது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.