ஓட்டு வீடா, குடிசையா: மழைக்குப் பின் ஒரு நிவாரண மனு

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பகுதிகளில் கொட்டித் தீர்த்த மழையில், என் பெரியம்மாவின் வீட்டுப் பின்பக்க மண்சுவரும் அதையொட்டிய பக்கச் சுவரும் கரைந்து சரிந்தன. முன்கட்டு ஓடு வேய்ந்தது. அடுப்படிக்கு மட்டும் தென்னங்கிடுகு. அதன்பின் அவருக்காக அலுவலகங்களுக்கு அலைந்ததில் தெரிந்துகொண்டவை, இந்தக் கரையில் ஒவ்வொரு கார்த்திகையிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அன்று மாலை ஒதுங்க இடம் கேட்டு ஊரே ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில்தான் நின்றது. அவரோ கிராம நிர்வாக அலுவலருக்குப் போன் செய்துகொண்டிருந்தார். ஏனெனில் முகாம் திறக்கும் அதிகாரமும் அங்கே சோறாக்கும் செலவும் வருவாய்த் துறையைச் சேர்ந்தவை. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியரைத் தலைவராக்குகிறது. அதன் 41ஆம் பிரிவு உள்ளாட்சி அமைப்புகளுக்கு நிவாரணக் கடமைகளை வகுக்கிறதே தவிர, அவற்றுக்கான பணத்தைத் தரவில்லை. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய பணிகளைப் பட்டியலிடும் அரசமைப்பின் பதினோராம் அட்டவணையில் ஊரக வீட்டுவசதி இடம்பெற்றிருந்தாலும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 110ஆம் பிரிவில் விதிக்கும் கட்டாயக் கடமைகள் சாலை, தெருவிளக்கு, வடிகால், கிணறு போன்றவையே. ஆகவே தலைவர் மோட்டார் வைத்து நீரை இறைத்தார், முகாமுக்குத் தண்ணீர் லாரி அனுப்பினார், பிளீச்சிங் பவுடர் தூவச் செய்தார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

தண்ணீர் வடிந்ததும் முகாம் மூடப்பட்டது. பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். வெளியே வாடகைக்குப் போன பக்கத்து வீட்டாருக்கு அந்த வாடகையில் ஒரு பைசாவும் எங்கிருந்தும் வரவில்லை.

இழப்பீடு வருவது மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து. அதில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் செலுத்துகின்றன. 2022 முதல் 2026 வரைக்கான விதிமுறைகளின்படி, சமவெளிப் பகுதியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். பகுதி சேதமடைந்த கச்சா வீட்டுக்கு, அதாவது மண்சுவர் வீடு போன்றவற்றுக்கு, 4,000 ரூபாய், அதுவும் சேதம் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால். குடிசைக்கு 8,000 ரூபாய். எனவே எவ்வளவு இடிந்தது என்பதற்கு முன்பாக, இடிந்தது வீடா குடிசையா என்பதுதான் தொகையைத் தீர்மானிக்கிறது.

கணக்கெடுக்க வந்தவர்கள், சரிந்த சுவருக்கு முன்னால் குடும்ப அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லிப் பெரியம்மாவை மொபைலில் படம் எடுத்தார்கள். பின்பக்கமிருந்து எடுத்ததால் படத்தில் கிடுகு மட்டுமே தெரிந்தது. பட்டியலில் குடிசை என்று ஏறிவிட்டது. திருத்தக் கேட்டபோது வருவாய் ஆய்வாளர் நல்ல மனதோடுதான் எச்சரித்தார்: “அம்மா, வீடுன்னு மாத்திப் பகுதி சேதம்னு எழுதிட்டா நாலாயிரம்தான் வரும். குடிசைன்னா எட்டாயிரம். யோசிச்சுக்கங்க.” பெரியம்மா யோசிக்கவில்லை. “நான் குடியிருந்தது வீடு தம்பி. வீடுன்னே எழுதுங்க” என்றார். ஓட்டு வீட்டின் இரண்டு சுவர் போனவருக்குக் குடிசைக்காரரில் பாதி என்ற இந்தக் கணக்கை வகுத்தவர்கள் மண்சுவர் மழையில் ஊறி நிற்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் பணமில்லாத ஊராட்சி எங்களுக்குக் கைகொடுத்தது. வீட்டு வரிப் பதிவேட்டில் கட்டடம் கூரையா, ஓடா, தளமா என்ற விவரம் உண்டு. பெரியம்மாவின் பெயருக்கு நேரே ‘ஓடு’ என்று இருந்தது. சேதமடைந்தது அனுமதிக்கப்பட்ட கட்டடமாக இருக்க வேண்டும் என்று விதிமுறை கேட்பதால், பட்டாவுடன் வரி ரசீதும் அவசியமாகிறது. புறம்போக்கில் வலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் மீனவக் குடும்பங்கள் பல இங்கேதான் தடுக்கி விழுகின்றன. பதிவேட்டின் நகலுக்கு விண்ணப்பித்திருந்த வேளையில், 2025 ஜனவரி 5ஆம் தேதியுடன் எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்ததால் கையெழுத்து தாமதமானது. பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்த ஊராட்சிச் செயலர் மாறாமல் இருந்தது எங்கள் நல்ல காலம்.

நகலை இணைத்து வட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் பதிவு செய்தோம். ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் வந்து, எஞ்சிய சுவர்களில் அடித்தளம் வரை ஓடியிருந்த விரிசலை டேப் வைத்து அளந்து, வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்று அறிக்கை கொடுத்தார். அந்த ஒரு தாள்தான் ‘பகுதி’ என்பதை ‘முழுமை’ ஆக்கியது. தொகை பெரியம்மாவின் வங்கிக் கணக்கில் நேரடியாக ஏறியது. அதில் ஹாலோ பிளாக் வைத்து ஓர் அறையும் அடுப்படியும் எழும்பியிருக்கின்றன. கட்டடத்தின் வகையை மாற்றிப் புதிதாக வரி விதிக்கக் கோரும் மனுவை, பூச்சு வேலை முடியும் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறோம்.